பாட்டு கேட்டுக்கொண்டே ஓட: கிளம்புமுன் முடிக்க வேண்டிய வேலைகள்

பாட்டை மாற்றத்தான் குனிந்தேன். மெரினா, காமராஜர் சாலை ஓரம், விடியற்காலை ஐந்தே முக்கால். கையில் பட்டை போட்டுக் கட்டிய போனை முகத்துக்கு நேரே திருப்பி, வியர்த்த கட்டைவிரலால் திரையைத் தேய்த்துக்கொண்டே ஓடினேன். ஈரம் பட்ட திரை எதையோ அழுத்தி எதையோ திறந்தது. நடைபாதையில் ஒரு கல் ஓர் அங்குலம் எழும்பி நின்றதை நான் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நடந்து வந்த பெரியவர் குனிந்து என் காதிலிருந்து ஓர் இயர்போனை உருவிவிட்டுச் சொன்னார்: "ஏம்பா, கல்லு கல்லுன்னு அப்பலேர்ந்து கத்தறேன். காதுல விழலியா?"

விழவில்லை. சுளுக்கு ஆற மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் வீட்டில் உட்கார்ந்து ஒரு விதி வகுத்துக்கொண்டேன். ஷூ லேஸ் கட்டிவிட்டால் பிளேயரைத் தொடக்கூடாது. பாட்டின் வரிசை, சத்தத்தின் அளவு, ஒயர் போகும் வழி எல்லாம் முதல் நாள் இரவே முடிந்திருக்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அந்த ஒரு விதிக்காகச் செய்யும் ஏற்பாடுகள்தான்.

முதலில் கருவி

நடந்துகொண்டே பாட்டுக் கேட்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது சோனியின் வாக்மேன். ஜப்பானில் அது கடைக்கு வந்தது 1979 ஜூலை 1. ஆனால் நடைக்குத்தான் அது தோது. ஓடினால் கேசட் சுற்றும் வேகம் ஆடி, பாடகரின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல நெளியும். பின்னால் வந்த சிடி பிளேயர் ஒவ்வொரு குலுக்கலுக்கும் வரியைத் தாண்டிக் குதித்தது. அதைச் சமாளிக்கச் சில நொடிப் பாட்டை முன்கூட்டியே நினைவகத்தில் சேர்த்துவைக்கும் வசதி கொடுத்தார்கள். குலுக்கல் அதைவிட நீண்டால் மறுபடியும் குதிக்கும். 2001-ல் ஆப்பிள் கொண்டுவந்த முதல் ஐபாடு பிளேயருக்குள் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தது. ஓட்டக்காரர்களின் இந்தத் தொல்லை முழுதாகத் தீர்ந்தது, உள்ளே அசையும் பாகமே இல்லாத ஃபிளாஷ் நினைவகம் வந்தபிறகுதான்.

இன்று உங்கள் முன் நான்கு வழி இருக்கிறது. போன், ஸ்மார்ட் வாட்ச், சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன கிளிப் பிளேயர், ஹெட்செட்டுக்குள்ளேயே நினைவகம் உள்ள வகை.

போன் எல்லோரிடமும் இருக்கிறது, ஆபத்துக்கு உதவும். ஆனால் கனம். கையில் கட்டினால் ஒரு கை மட்டும் கனத்து வீச்சு மாறும், பத்தே நிமிடத்தில் வியர்வையில் பட்டை வழுக்கி முழங்கை வரை இறங்கும். போன்தான் என்றால் இடுப்புப் பையில், முதுகுப் பக்கமாக, உடம்போடு ஒட்டி இருக்கட்டும். அப்போது எடுத்துப் பார்க்கும் சபலமும் குறையும்.

வாட்சில் பாட்டை ஏற்றி ப்ளூடூத்தில் கேட்பது சுத்தமான வழி. விலைதான் இடிக்கும். பாட்டும் ஜிபிஎஸும் சேர்ந்து ஓடினால் பேட்டரி எவ்வளவு தாங்குகிறது என்பதை வாங்கிய வாரமே சோதித்துவிடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துச் சொன்னதாக இருக்காது.

என் ஓட்டு கிளிப் பிளேயருக்கு. ஆப்பிள் தன் 'ஐபாடு ஷஃபிள்' என்ற கிளிப் பிளேயரை 2017-ல் நிறுத்தியது, ஐபாடு வரிசையையே 2022-ல் முடித்துக்கொண்டது. ஆனாலும் சான்டிஸ்க் போன்றவர்களின் கிளிப் பிளேயர்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: கையால் தடவிக் கண்டுபிடிக்கக்கூடிய உண்மையான பட்டன்கள் இருக்க வேண்டும். தொடுதிரை என்றால் வேண்டாம், வியர்வைக்கும் தொடுதிரைக்கும் ஒத்துவராது. எஃப்எம் உள்ள மாடல் என்றால் கூடுதல் லாபம். அதற்கு ஏரியல் இயர்போன் ஒயர்தான், ஆகவே ஒயர் போட்டால்தான் ஸ்டேஷன் எடுக்கும்.

நினைவக அளவைப் பற்றிக் கவலையே வேண்டாம். 128 கிலோபிட் தரத்தில் எம்பி3 பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட். 4 ஜிபியே அறுபது மணி நேரத்துக்கு மேல் வரும். ஓட்டத்தில் காலடிச் சத்தமும் மூச்சுச் சத்தமும் இருக்க, அதற்கு மேல் தரம் வைத்து என்ன பயன்?

காதில் என்ன மாட்டுவது

காதை அடைத்து உட்காரும் ரப்பர் முனை இயர்போன் ஜிம்முக்குப் பரவாயில்லை. ஓட்டத்துக்கு இரண்டு தொல்லை. காதுத் துளை மூடியிருப்பதால் உங்கள் காலடி ஒவ்வொன்றும் மண்டைக்குள் 'தொம் தொம்' என்று கேட்கும். ஒயர் சட்டையில் உரசும் சத்தமும் அப்படியே உள்ளே ஏறும். ஒயரைக் காதின் மேல்புறமாக வளைத்துப் பின்னால் கொண்டுபோனால் உரசல் பெருமளவு குறையும். பிறகு பனியனுக்கு உள்ளே விட்டு இடுப்பில் வெளியே எடுங்கள். வெளியே தொங்கும் ஒயரைக் கைவீச்சு ஒருநாள் பிடுங்கியே தீரும். துப்பட்டா போட்டு நடப்பவர்களுக்கு ஒயரே வேண்டாம்.

சாலையில் ஓடுபவருக்குக் காதைத் திறந்துவிடும் வகைதான் சரி. கன்னத்து எலும்பில் அதிர்வைக் கொடுத்துக் கேட்கவைப்பது ஒரு வகை, காதுக்கு வெளியே நின்று பேசும் குட்டி ஸ்பீக்கர் இன்னொரு வகை. பாஸ் என்னும் அடித்தொனி குறைவாகத்தான் இருக்கும், பறை அதிராது. கடல்காற்று பலமாக அடிக்கும் நாளில் பாட்டே பாதிதான் கேட்கும். அந்தக் குறையோடுதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். எலும்பு வழி போவதால் காதுக்குக் கெடுதலே இல்லை என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். எந்த வழியாகப் போனாலும் சத்தம் கடைசியில் சேருவது உள்காதின் அதே உணர்செல்களுக்குத்தான்.

வெளிச்சத்தத்தை அழிக்கும் 'நாய்ஸ் கேன்சலிங்' வசதி விமானத்துக்கும் ரயிலுக்கும் நல்லது. சாலையில் இறங்குமுன் அதை அணைத்துவிடுங்கள்.

ஒரே காதில் மட்டும் மாட்டுவதும் நல்ல பழக்கம். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 80-களின் ஸ்டீரியோ பாட்டுகள் பலவற்றில் வயலின் கூட்டம் ஒரு காதிலும் கிதாரோ தபலாவோ மறு காதிலும் பிரிந்து கேட்கும். ஒரு காதில் மட்டும் கேட்டால் பாதி ஆர்க்கெஸ்ட்ரா லீவு போட்டதுபோல இருக்கும். போனில் 'அக்சஸிபிலிட்டி' பகுதிக்குள் 'மோனோ ஆடியோ' என்றொரு தேர்வு உண்டு. அதைப் போட்டால் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றாகக் கலந்து ஒரே காதுக்கு வரும். கிளிப் பிளேயரில் அந்த வசதி பெரும்பாலும் கிடையாது, கணினியிலேயே பாட்டை மோனோவாக மாற்றி ஏற்றிக்கொள்ள வேண்டும்.

பாட்டு அடுக்குவது

எனக்குப் பிடித்த வேலை இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிடித்த பாட்டுக்கும் ஓடும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. ஓடும் பாட்டுக்குத் தேவை உங்கள் காலோடு ஒத்துப்போகும் தாளம். இதை விளையாட்டு உளவியலில் நெடுங்காலமாக ஆராய்பவர் லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் காஸ்டஸ் காராஜார்ஜிஸ். பொருத்தமான பாட்டு, மிதமான வேகத்தில் செய்யும் உடற்பயிற்சியில் உணரும் களைப்பைக் குறைக்கிறது என்பது அவரது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. வேகம் உச்சத்துக்குப் போனால் அந்த உதவி கழன்றுவிடும். அப்போது மூச்சும் தொடையும் போடும் கூச்சலில் பாட்டு எடுபடாது. ஆகவே பாட்டை நம்பி ஓட வேண்டியது நீண்ட, நிதானமான ஓட்டங்களில்தான்.

காலும் தாளமும் ஒத்துப்போனால் என்ன ஆகும் என்பதற்கு எத்தியோப்பிய ஓட்டவீரர் ஹைலே கெப்ரசெலாசியே சாட்சி. 1998 பிப்ரவரியில் பர்மிங்ஹாமில் 2,000 மீட்டர் உள்ளரங்கு உலக சாதனையை 4 நிமிடம் 52.86 நொடியில் முடித்தபோது, தன் அடிக்குப் பொருந்தும் ஒரு துள்ளல் பாட்டை மைதானத்து ஒலிபெருக்கியில் போடச் சொல்லியிருந்தார்.

உங்கள் கணக்கை எடுப்பது சுலபம். வழக்கமான வேகத்தில் ஓடுங்கள். 15 நொடியில் இரண்டு கால்களும் சேர்ந்து எத்தனை தடவை தரையில் படுகின்றன என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். வேகமாக நடப்பவருக்கு 115 முதல் 130 வரை வரும், மெல்ல ஓடுபவருக்கு 150 முதல் 170 வரை. பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர்கள் நிமிடத்துக்கு 180-ஐ ஒட்டியே அடி வைக்கிறார்கள் என்று சொன்னார். அன்றிலிருந்து 180 ஒரு மந்திர எண்ணாகிவிட்டது. அதைத் துரத்த வேண்டாம். அது பந்தய வேகத்தில் ஓடும் ஒலிம்பிக் கால்களின் கணக்கு. உங்களுக்கு 160 வந்தால் 160-தான்.

பிறகு அதேபோல 15 நொடி பாட்டின் தட்டை எண்ணி நான்கால் பெருக்குங்கள். 160 தட்டு உள்ள பாட்டு தேடினால் சுலபத்தில் அகப்படாது. தேட வேண்டியது 80. ஒரு தட்டுக்கு இரண்டு அடி வைத்தால் 160 ஆகிவிடும். இது புரிந்த அன்று, 'மெலடி, தூங்கிவிடுவேன்' என்று ஒதுக்கிவைத்திருந்த பாட்டுகளில் பாதி என் ஓட்டப் பட்டியலுக்கு வந்துவிட்டன. 82 தட்டு மெலடி ஒன்றில் என் கால்கள் அலுங்காமல் 164 போகின்றன.

குத்துப்பாட்டு வேறு கதை. கேட்டவுடன் உடம்பு துள்ளும், ஓடினால் தடுக்கும். குத்தின் உயிரே திஸ்ரம், ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும். நமக்குக் கால் இரண்டு. ஒரு தட்டுக்குள் இரண்டு அடி வைக்கப் பார்த்தால் உள்ளேயிருக்கும் அந்த மூன்று நம் காலை ஒருபக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் தட்டுக்கு ஓரடி என்று வைத்துக்கொண்டால், 120-130-ல் வரும் குத்து வேக நடைக்கு அச்சு அசலாகப் பொருந்தும். குத்து நடப்பவருக்கு, மெலடி ஓடுபவருக்கு. தலைகீழாகத் தெரிந்தாலும் என் அனுபவம் அதுதான்.

வரிசையில் இரண்டு உத்தி.

ஒன்று, பட்டியலையே கடிகாரமாக்குவது. ஒரு மணி நேர ஓட்டம் என்றால் முதல் பத்து நிமிடம் நிதானமான இரண்டு பாட்டு, கடைசிப் பத்து நிமிடம் மூச்சு இறங்க இரண்டு பாட்டு. நடுவே, சரியாக முப்பதாவது நிமிடத்தில் எப்போதும் ஒரே பாட்டு. என் பட்டியலில் அதற்குப் பெயர் 'திரும்புற பாட்டு'. கலங்கரை விளக்கப் பக்கமிருந்து உழைப்பாளர் சிலையைத் தாண்டி எங்கே போயிருந்தாலும், அதன் முதல் வயலின் கேட்டதும் திரும்பிவிடுவேன். கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்று, வேகத்தை மாற்றி மாற்றி ஓடும் பயிற்சிக்கு. அதற்கு ஸ்டாப்வாட்ச் எதற்கு? நம் சினிமாப் பாட்டின் கட்டுமானத்திலேயே அது இருக்கிறது. பல்லவியும் சரணமும் வரும்போது நிதானம், இடையிசை தொடங்கினால் பாய்ச்சல். இடையிசை இருபது முதல் நாற்பது நொடிக்குள் முடிந்துவிடும். பிறகு வரும் சரணம் மூச்சு வாங்க ஒரு நிமிடமாவது கொடுக்கும். நீண்ட இடையிசைகள் உள்ள பழைய பாட்டுகள் ஆறேழு சேர்த்தால் போதும், தொடை சொல்லும் அது எப்பேர்ப்பட்ட பயிற்சி என்று.

ஏற்றும்போது வரும் சிக்கல்கள்

பழைய பாட்டும் புதுப் பாட்டும் கலந்த பட்டியலில் சத்த அளவு ஏறி இறங்கும். பழைய பதிவுகள் மெதுவானவை, இன்றைய பதிவுகள் முதல் நொடியிலிருந்தே உச்சத்தில் நிற்பவை. பழைய பாட்டுக்காகச் சத்தத்தைக் கூட்டுவீர்கள், அடுத்து வரும் புதுப் பாட்டு காதில் அறையும். கை உடனே பிளேயருக்குப் போகும். விதி உடையும் முக்கியமான இடம் இது. எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருள் எல்லாப் பாட்டையும் 89 டெசிபல் என்ற ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதை ஒருமுறை ஓட்டிவிட்டு ஏற்றுங்கள்.

மலிவான பிளேயர்கள் சில, பெயர் வரிசையில் பாடாமல் நீங்கள் காப்பி செய்த வரிசையில்தான் பாடும். அதனால் கோப்புகளுக்கு 01, 02 என்று எண் போட்டு, அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக ஏற்றுவது பத்திரம். தமிழில் பெயர் வைத்தால் பல பிளேயர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும், எண்ணே போதும். பிளேயரின் நினைவகத்தைக் கணினியில் ஃபார்மட் செய்தால் ஃபேட்32 என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். பாட்டுகளைக் கலைத்துப் போடும் 'ஷஃபிள்' வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்புற பாட்டு ஐந்தாவது நிமிடத்திலேயே வந்து நிற்கும்.

ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் 'டவுன்லோடு' செய்த பாட்டைக் கிளிப் பிளேயருக்கு மாற்ற முடியாது. பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள், அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும். சொந்த சிடி, காசு கொடுத்து வாங்கிய எம்பி3 இவைதான் வழி.

சத்தத்தை வீட்டில் வைத்துவிட்டு வருவது

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 3 டெசிபல் கூடினாலே காதில் இறங்கும் ஆற்றல் இரட்டிப்பாகும், அனுமதிக்கும் நேரம் பாதியாகும். ஐரோப்பாவில் விற்கும் பிளேயர்களுக்கு 100 டெசிபல் உச்ச வரம்பு என்று விதி. நாம் வாங்கும் மலிவு பிளேயரில் அப்படி ஏதாவது வரம்பு வைத்திருப்பார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

டெசிபல் அளக்கக் கருவி தேவையில்லை. இரவு, மின்விசிறியையும் அணைத்துவிட்டு, அமைதியான அறையில் உட்கார்ந்து சத்தத்தைப் போதுமான அளவுக்கு வையுங்கள். ஒரு கை தூரத்தில் வீட்டில் யாரையாவது நிற்கவைத்துச் சாதாரணக் குரலில் பேசச் சொல்லுங்கள். புரிந்தால் அதுதான் உங்கள் அளவு. மற்ற பட்டன்களைப் பூட்டும் 'ஹோல்டு' பட்டன் இருந்தால் பூட்டிவிடுங்கள். சாலையில் இரைச்சல் கூடும், பாட்டு அமுங்கும். அமுங்கட்டும். பஸ் இரைச்சலை வெல்ல நினைத்துத்தான் காதைக் கெடுத்துக்கொள்கிறோம். ஓடிவிட்டு வந்து குளிக்கும்போது காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு ரீங்காரம் கேட்டால் அன்று அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், மறுநாள் இரண்டு புள்ளி குறையுங்கள்.

சாலையில்

நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரம் ஓடுங்கள். அப்போது வண்டிகள் உங்களுக்கு இடது கைப்பக்கம் போகும். ஒரு காதில் மட்டும் மாட்டுவதென்றால் வலது காதில் மாட்டி, இடது காதைச் சாலைக்குக் கொடுத்துவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதற்குக் கண் உதவாது, காதுதான் உதவும். மின்சார ஸ்கூட்டர்கள் பெருகிய பிறகு அதுவும் பாதிதான். டயர் தரையில் உருளும் 'சர்ர்' சத்தம் தவிர அவற்றுக்குக் குரல் கிடையாது, அந்தச் சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கர்கூட விழுங்கிவிடும்.

தெரு நாய்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாய்வதற்கு முன் பெரும்பாலும் ஓர் உறுமல் வரும். அது கேட்டால் நின்று நடக்கலாம். கேட்காதவர் ஓடிக்கொண்டே இருப்பார், ஓடுகிறவரைத்தான் அவை துரத்தும்.

தண்டவாளத்தைக் கடக்கும்போது இரண்டு காதும் வெறும் காது. இதில் பேச்சே இல்லை. தொடக்கூடாது என்று நான் போட்ட விதிக்கு இது ஒன்றே விலக்கு.

இடி இடிக்கும் நாளில் ஓட்டமே வேண்டாம். கனடாவின் வான்கூவர் பக்கம் பிளேயர் மாட்டிக்கொண்டு ஓடிய ஒருவர் 2005-ல் மின்னலுக்கு ஆளானதை மருத்துவர்கள் 2007-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார்கள். மார்பிலிருந்து காது வரை இயர்போன் ஒயர் போன தடத்திலேயே தீக்காயம், செவிப்பறைகள் கிழிந்திருந்தன, தாடை எலும்பு முறிந்திருந்தது. பிளேயர் மின்னலை இழுப்பதில்லை. ஆனால் வியர்த்த தோலில் ஒட்டிய உலோக ஒயர், வந்த மின்சாரத்துக்குத் தலை வரை வழி காட்டிவிடுகிறது.

ஓட்டம் தவிர மற்றவை

சாலையில் சைக்கிளா? வேண்டாம். பிரான்சில் 2015 ஜூலையிலிருந்து சைக்கிள் ஓட்டும்போது காதில் எதையும் மாட்டக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. வீட்டுக்குள் ஸ்டாண்டில் நிறுத்தி மிதிப்பவர் இஷ்டம்போலக் கேட்கலாம்.

ஜிம்மில் எடை தூக்கும்போது ஒயர் இல்லாததே நல்லது, கம்பியில் ஒயர் சிக்கும். ஏசி போட்ட ஜிம்மில் டிரெட்மில்லில் ஓடும்போது காதில் 'சுரீர்' என்று ஒரு குத்து விழுந்தால் பயப்பட வேண்டாம். பெல்ட் உரசி உடம்பில் சேரும் நிலைமின்சாரம் இயர்போன் வழியாக இறங்குகிறது. அவ்வப்போது உலோகக் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டால் போதும்.

கிரிக்கெட், கால்பந்து, கபடி, வாலிபால் எதிலும் ஆடும்போது பாட்டு ஆகாது. கூட இருப்பவன் கூப்பிடுவது கேட்காவிட்டால் அது அணியே இல்லை. ஸ்கிப்பிங் மட்டும் பாட்டோடு பிறந்ததுபோல இருக்கும், 120-ஐச் சுற்றியுள்ள எந்தப் பாட்டும் பொருந்தும்.

நீச்சலில் ப்ளூடூத் வேலைக்கு ஆகாது. அது பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் குடித்துவிடும், சில அங்குல ஆழத்திலேயே தொடர்பு அறுந்துவிடும். போனைக் கரையில் வைத்துவிட்டுக் குளத்தில் கேட்க முடியாது. பாட்டு ஹெட்செட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஷாக்ஸின் ஓப்பன்ஸ்விம், கண்ணாடிப் பட்டையில் மாட்டும் ஃபினிஸ் டூவோ, சோனியின் என்டபிள்யூ-டபிள்யூஎஸ்413 போன்றவை அப்படி வந்தவை. எலும்பு வழிக் கருவி என்றால், காதுத் துளையில் நீச்சல் அடைப்பான் வைத்துக்கொண்டால் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கும்.

தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று காட்ட பெட்டியில் போட்டிருக்கும் ஐபி எண்ணை இங்கே படிக்கத் தெரிய வேண்டும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், ஓட்டத்து வியர்வைக்குப் போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் அசையாமல் வைத்துச் செய்தது. குளோரினுக்கும் உப்புக்கும் அது உத்தரவாதம் தராது.

போட்டி நாளில்

விதியைப் படிக்காமல் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். உலகத் தடகள அமைப்பின் விதிப்படி போட்டிக் களத்துக்குள் பாட்டுக் கருவி, ரேடியோ, போன் எதுவும் ஆகாது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானிலும் தடை. சாலை மாரத்தான்களில் நடத்துபவருக்கு நடத்துபவர் மாறும். அமெரிக்காவில் 2007-ல் முழுத் தடை கொண்டுவந்து, பெரும் எதிர்ப்புக்குப் பின் 2008 இறுதியில் பரிசுக்கு ஓடுபவர்களுக்கு மட்டும் என்று தளர்த்தினார்கள். பிரிட்டனில் 2016-லிருந்து, போக்குவரத்து முழுதாக நிறுத்தப்படாத சாலைப் போட்டிகளில் காதை அடைக்கும் இயர்போனுக்குத் தடை, எலும்பு வழி ஹெட்செட்டுக்கு அனுமதி.

பாட்டு இல்லாவிட்டாலும் காதில் மாட்டியதே சர்ச்சையானது கிரிக்கெட்டில். 1999 உலகக் கோப்பையில் ஹோவ் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹான்சி குரோனியே காதில் சின்னக் கருவி மாட்டி, வெளியே உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் பாப் வூல்மரின் யோசனையைக் கேட்டுக்கொண்டே ஆடினார். மேட்ச் ரெஃப்ரி கழற்றச் சொல்லிவிட்டார்.

போட்டி தொடங்கும் முன், களத்துக்கு வெளியே கேட்பதற்குப் பெரும்பாலும் தடையில்லை. அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் போட்டியிட்ட காலத்தில் நீச்சல் மேடைக்குப் பக்கத்தில் வரும்வரை காதில் ஹெட்போனோடுதான் வந்தார். ஆனால் ஓட்டம் தொடங்கியபின் பாட்டு இல்லாமல் போகலாம், ஆகவே பாட்டில்லாமலும் ஓடிப் பழகுங்கள். வாரத்தில் ஒரு நாள் வெறும் காதோடு ஓடுவேன். முதல் இரண்டு கிலோமீட்டர் கசக்கும், பிறகு மூச்சே தாளம் பிடித்துக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்தபின்

வியர்வை வெறும் தண்ணீராக இருந்தால் தொல்லையே இல்லை. உப்பு இருப்பதால்தான் சார்ஜ் முனைகள் பச்சை பூத்து அரிக்கின்றன. வந்ததும் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் பிளேயரைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை. ரப்பர் முனைகளைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவிட்ட பிறகே மாட்ட வேண்டும். நம் ஊர் புழுக்கத்தில் ஈர முனையைக் காதுக்குள் செருகிவைப்பது பூஞ்சைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். அதே காரணத்துக்காக, இயர்போனை ஓட்டத் துணையோடுகூடப் பகிர வேண்டாம்.

ஈரத்தோடு சார்ஜ் போடாதீர்கள். முனையில் ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் ஒரே இரவில் அரிப்பு தொடங்கும். நனைந்த கருவியை அரிசிப் பானைக்குள் புதைக்கும் வைத்தியமும் வேண்டாம், தவிட்டுத் தூள்தான் துளைக்குள் போய் அடையும். புதுச் செருப்புப் பெட்டியிலும் மாத்திரைக் குப்பியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். பகல் முழுக்க பிளேயருக்குத் தங்கல் அந்த டப்பாவில்.

படுக்கப் போகுமுன் அதை எடுத்துச் சார்ஜ் பார்த்து, முதல் பாட்டில் நிறுத்தி, சத்தம் சரியா என்று ஒரு வரி கேட்டு, ஹோல்டு போட்டு வலது ஷூவுக்குள் வைத்துவிடுவேன். காலையில் கால் விடப் போகும்போது அது தட்டுப்படும். எடுத்துக் காலரில் குத்திக்கொண்டு, ஹோல்டை விடுவித்துப் பிளே அழுத்தி, மறுபடி பூட்டிவிட்டு, அப்புறம்தான் லேஸ்.